பூவலிங்கத்தின் மீசையும் சமதளப் பலகையும்

கோணமேடு என்றொரு ஊர், மலைச்சரிவில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அங்கே குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தும்மினால், குடம் கோவில் வாசலில் போய்த்தான் நிற்கும். ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. குடம் வேண்டுமானால் கோவிலுக்குப் போவார்கள், போனதுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வருவார்கள்.

அந்த ஊரில் பூவலிங்கத்துக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. மலைச்சரிவில் சைக்கிள் கடைக்கு என்ன குறை? வாடகைக்குப் போகும் வண்டிகளெல்லாம் தாமாகவே கீழே போய்விடும். திரும்பித்தான் வராது. ஆவுடைத்தாய் என்று கெட்டிக்கார மனைவி ஒருத்தியும் இருந்தாள். ஆனால் பூவலிங்கம் தன் சொத்தாக நினைத்தது தன் மீசையை மட்டும்தான். காலையில் அதற்கு விளக்கெண்ணெய் தடவிய பிறகுதான் காப்பியே குடிப்பார்.

அந்த மீசையைத்தான் அவர் பந்தயத்தில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

எதிராளி வேறு யாருமில்லை, ஆவுடைத்தாயின் அண்ணன் இசக்கிராஜன். பக்கத்து ஊரான பள்ளமடைக்காரர். கோவில் கொடைத் திருவிழாவுக்கு விருந்தாட வந்தவர், தான் பொம்மை விமானம் செய்து பறக்கவிட்டதைப் பற்றிப் பாயசம் முடியும்வரை பேசினார். அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த பூவலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளுக்கொரு விமானம் செய்வது, யாருடையது முதலில் தரையைத் தொடுகிறதோ அவர் தோற்றவர், தோற்றவர் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு முடிந்தது. கை கழுவிய பிறகுதான் பூவலிங்கத்துக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு அவர் நிஜமாகவே பயந்துபோனார்.

பயம் வந்தால் அவர் போகிற இடம் சட்டையப்பன் அண்ணாச்சி வீடு. சட்டையப்பன் ஊருக்கே அறிவாளி. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். அதில் கண்ணாடி விழுந்து ரொம்ப நாளாகிறது, அறிவு மட்டும் விழவில்லை. கூடவே வெயிலுமுத்து இருப்பார். யார் கடைசியாகப் பேசினாலும் அதுதான் சரி என்பது அவர் கட்சி.

மூவரும் தென்காசிக்குப் போய், விமானம் செய்கிற சாமான்கள் உள்ள பெட்டி ஒன்றை வாங்கினார்கள். தக்கை மாதிரி லேசான குச்சிகள், மெல்லிய தாள், பசை, குண்டூசி எல்லாம் அதில் இருந்தன. கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் சமதளமான பலகை ஒன்று பாருங்கள், பலகை கோணினால் இறக்கையும் கோணும் என்றார். சந்தேகமிருந்தால் மேலே ஒரு கோலிக்குண்டை வையுங்கள், உருண்டால் அந்தப் பலகை வேண்டாம். அப்புறம் பலகைமேல் மெழுகுத்தாள் போடுங்கள், அப்போதுதான் விமானம் பலகையோடு ஒட்டிக்கொள்ளாது. பசை காயும்வரை எதையும் அசைக்காதீர்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. மூவரும் பேருந்தில் வரும்போது மந்திரம்போல் இதைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் கோலிக்குண்டோடு கிளம்பினார்கள். டீக்கடை பெஞ்சில் வைத்தார்கள், உருண்டது. பள்ளிக்கூட மேசையில் வைத்தார்கள், உருண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோணமேட்டில் கூடமும் கோணல்தான், என்ன செய்வது? குண்டைத் துரத்திப் பிடித்தே அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

கடைசியில் வெயிலுமுத்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் வைத்துப் பார்த்தார்கள். பழைய கட்டில், நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும். குண்டு நேராகப் பள்ளத்துக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கட்டிலைத் தட்டினார்கள், ஆட்டினார்கள். அது அசையவே இல்லை.

"ஊரிலேயே சமதளமான இடம் இதுதான்லே," என்று சட்டையப்பன் தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கட்டிலில் வைத்து ஓர் இறக்கை செய்தார்கள். அது அகப்பை மாதிரி வந்தது. வெயிலுமுத்துவின் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சாம்பார் ஊற்ற ஆகும் என்று உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

பூவலிங்கம் அன்று மீசையைத் தடவிய தடவலில் ஒரு பக்கம் முடியே வளைந்துபோயிற்று. அவருக்கு ஆறுதல் சொல்ல மற்ற இருவரும் அவரோடு குளத்தங்கரையில் உட்கார்ந்தார்கள். அப்போது சட்டையப்பன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில்லாத நேரம், குளம் துடைத்து வைத்த தட்டுமாதிரி கிடந்தது.

"இதைவிடச் சமதளம் உலகத்துல உண்டா வே?" என்றார்.

"உண்டா?" என்றார் வெயிலுமுத்து.

பூவலிங்கம் குண்டை மெல்லத் தண்ணீர்மேல் வைத்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"உருண்டுச்சா?"

"உருளலை அண்ணாச்சி. உள்ள போயிட்டு."

சட்டையப்பன் குண்டு போன இடத்தை எட்டிப் பார்த்தார். "உருளக்கூடாதுன்னுதான் கடைக்காரரு சொன்னாரு. உள்ள போகக்கூடாதுன்னு சொல்லலையே," என்றார். குச்சிகளை ஒழுங்காக அடுக்கித் தண்ணீர்மேல் வைத்தார்கள். குச்சிகளும் ஒழுங்காக அடுத்த கரைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே குளித்துக்கொண்டிருந்த எருமைகள் கொஞ்சத்தைத் தின்றன. மீதியைப் பொறுக்கி, முங்கிக் குண்டையும் எடுத்துக்கொண்டு வந்தபோது, ஒரு விமானத்துக்கு மட்டும் சாமான் இருந்தது. பந்தயமோ மறுநாள் காலையில். பூவலிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூவரும் பூவலிங்கம் வீட்டுக்கு வந்தார்கள். ஆவுடைத்தாய் வேலை முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். பூவலிங்கம் சாத்திய கதவைப் பார்த்தார். மாமனார் சீதனமாகக் கொடுத்த தேக்குக் கதவு. வீடு கோணியிருந்தாலும் கதவு கோணாது என்று தச்சர் கையடித்துக் கொடுத்தது. ஏதோ தோன்றி, அதில் குண்டை வைத்துக் கையை எடுத்தார். குண்டு பொத்தென்று காலடியில் விழுந்தது.

"அண்ணாச்சி, உருளலை, விழுந்துட்டு," என்றார்.

இன்னும் பத்துத் தடவை வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட உருளவில்லை. சட்டையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இல்லாத கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் பலகையைப் படுக்கப்போட்டுத் தேடினோமே, அதுதான் தப்பு என்றார். கதவைக் கழற்ற வேண்டுமா என்று பூவலிங்கம் கேட்டபோது கூடாது என்றுவிட்டார். அசைக்கக்கூடாது என்பதுதான் கடைக்காரர் வாக்கு.

வேலை ஆரம்பித்தது. மெழுகுத்தாளை விரிக்கும்போது வெயிலுமுத்துவுக்கே ஒரு சந்தேகம் வந்தது, அது அவர் வாழ்க்கையில் முதல் சந்தேகம்.

"இந்தத் தாளைப் போட்டா விமானம் பலகையில ஒட்டாதுன்னாரே. ஒட்டாட்டி விழுந்துராதா?"

"விழும்," என்றார் சட்டையப்பன்.

"விழுந்தா தரையைத் தொட்டுரும்லா?"

பூவலிங்கம் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். மெழுகுத்தாளைக் கசக்கித் தூர எறிந்தார்கள். பாதுகாப்புக்கு இன்னொரு டப்பா பசை வாங்கி வந்து, கதவு முழுக்கப் பூசி, அதன்மேல் விமானத்தைக் கட்டினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகான விமானம். இறக்கை இரண்டும் கோடு போட்டமாதிரி நேராக இருந்தன.

ஆவுடைத்தாய் எழுந்து கதவைத் திறக்கப் போனாள். மூவரும் வெளியே கதவு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, பசை காயவில்லை, அசைக்காதே என்று கெஞ்சினார்கள். அவள் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள், பிறகு போய் அடுப்பை மூட்டினாள். வெந்தயக்குழம்பு மணத்தது. அவளும் உள்ளே, சோறும் உள்ளே. மூவரும் வெளியே பட்டினியாகக் கிடந்து பசையைக் காவல் காத்தார்கள்.

விடிந்ததும் இசக்கிராஜன் தன் விமானத்தோடு வந்தார். கையோடு ஒரு நாவிதரையும் கூட்டி வந்திருந்தார். ஊர் கூடிவிட்டது. பூவலிங்கம் தன் விமானத்தை எடுக்கப் போனார், வரவில்லை. சட்டையப்பன் இடுப்பைப் பிடித்து இழுத்தார், வெயிலுமுத்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார். கதவு கிரீச்சிட்டதே தவிர விமானம் இம்மியும் நகரவில்லை. நாவிதர் கத்தியைத் தோல்வாரில் தீட்ட ஆரம்பித்தார்.

"எடுத்துட்டு வாரும் மாப்பிள்ளை. நான் விடப் போறேன்," என்றார் இசக்கிராஜன். ரப்பரை முறுக்கி, தன்னுடையதை விட்டார். நல்ல விமானம்தான். புளியமரத்தைச் சுற்றி, வைக்கோல்போரைத் தாண்டி, ஊரே வாயைப் பிளக்கப் பறந்து, கடைசியில் கோழிகளுக்கு நடுவே இறங்கியது.

"என்னோடது இறங்கிட்டு. உம்மது எங்கே?"

பூவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். சட்டையப்பன்தான் முன்னால் வந்தார்.

"எங்களுது இன்னும் இறங்கலையே," என்றார்.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். விமானம் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் இருந்தது. வெயிலுமுத்து குனிந்து, விமானத்துக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டு ஆட்டிக் காட்டினார். எங்கேயும் தட்டவில்லை. அந்த நேரம் பார்த்து ஆவுடைத்தாய் பொறுமையிழந்து கதவைப் படாரென்று திறந்தாள். விமானம் சர்ரென்று வீட்டுக்குள் பறந்து போயிற்று. அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள், அது திரும்பி வந்தது. ஊர் கைதட்டியது.

"அப்பவே எங்க அப்பாகிட்டச் சொன்னேன், கதவு போதும், மாப்பிள்ளை வேண்டாம்னு," என்று சொல்லிவிட்டு, ஆவுடைத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

நாவிதர் இசக்கிராஜன் பக்கம் திரும்பினார். பள்ளமடைக்காரரும் லேசுப்பட்டவரல்ல. மாப்பிள்ளையுடையது இறங்கட்டும், எவ்வளவு நேரம் பறந்தது என்று தெரியாமல் நான் எப்படித் தோற்றேன் என்று ஒத்துக்கொள்வது என்று கேட்டார். சட்டையப்பன் யோசித்துவிட்டு, அது நியாயம்தான் என்றார். வெயிலுமுத்துவும் அதுதான் நியாயம் என்றார். ஆகவே அது இறங்கும்வரை காத்திருப்பதற்காக இசக்கிராஜன் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார், நாவிதரும் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார். வியாபாரம் பரவாயில்லை என்று கேள்வி.

கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறோம். விழவே விழாமல் மீசையைக் காப்பாற்றிக்கொண்டவர் பூவலிங்கம் ஒருத்தர்தான். இப்போது இரண்டு பக்கமும் எண்ணெய் தடவுகிறார், சந்தோஷமாக இருக்கிறார். ஒரு சின்னச் சிரமம் மட்டும் உண்டு. பறந்துகொண்டிருக்கும்போது விமானக் கதவைத் திறப்பது ஆபத்து என்று சட்டையப்பன் சொல்லியிருப்பதால், அவர் தன் வீட்டுக்கு ஜன்னல் வழியாகத்தான் ஏறிப் போகிறார்.

ஆனால் மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்குப் பெருமை தாங்காது. சைக்கிள் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லுவார்.

"எங்க வீட்டுக்காரிக்கு இருக்க தைரியம் யாருக்கும் வராது வே. நடுவானத்துல கதவைத் திறக்கா, வெளிய எறங்கிப் போறா, ஒரு குடம் தண்ணி எடுத்துட்டுத் திரும்பி வந்து ஏறிக்கிடுதா. ஒரு சொட்டுச் சிந்த மாட்டா."