சுழித்துறையில் நட்ட கழிகள்

மடத்தில் பந்தியைக் கவனிக்கும் பூவராகனுக்கு அதட்டாமல் பேச வராது. இலையைத் திருப்பிப் போட்டாலும் அதட்டல், ரசம் சிந்தினாலும் அதே அதட்டல். காக்கைகூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் பருக்கையைத் தொடும் என்று மற்ற சீடர்கள் கேலி பேசுவார்கள்.

ஒருநாள் காலை அவருடைய மகள் மரிக்கொழுந்து ஆற்றுச் சுழியில் இறங்கிவிட்டாள். பரிசல்காரர் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம்.

ஈரத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு குருவின் முன் வந்து நின்றார் பூவராகன். கோபத்தைவிடப் பயம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

"சுழிப் பக்கம் போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சாமி. கேக்கலை. இன்னும் எப்படித்தான் சொல்றது?"

குரு சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அப்பா சொன்னது ஞாபகம் இருக்கா தாயி?"

"இருக்கு சாமி. ஓடாதேன்னாரு. பல்லைக் காட்டிச் சிரிக்காதேன்னாரு. பூனையைத் தொடாதேன்னாரு. சுழிக்குப் போகாதேன்னாரு."

"அப்புறம் ஏன் போனே?"

"ஓடினேன், ஒண்ணும் ஆகலை. சிரிச்சேன், ஒண்ணும் ஆகலை. பூனையைத் தூக்கி மடியிலகூட வச்சுக்கிட்டேன்." அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சுழியும் அப்படித்தான்னு நினைச்சேன்."



குரு உள்ளே போய் ஒரு கட்டு மூங்கில் கழிகளும் சிவப்புத் துணியும் எடுத்துவந்து பூவராகனிடம் கொடுத்தார்.

"துறையில ஆபத்துன்னு உனக்குத் தோணுற இடத்துல எல்லாம் கழியில துணியைக் கட்டி நட்டுட்டு வா."

பூவராகன் மனம்வைத்து நட்டார். பாசிப் படியில், சேற்றில், கூர்ங்கல் பக்கத்தில், முள் கிடந்த இடத்தில். சுழியோரத்திலும் ஒன்று. துறை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

குளிக்க வந்தவர்கள் கழிகளில் வேட்டியைக் காயப் போட்டார்கள். ஒருவன் துண்டைத் தூக்கிக்கொண்டு சுழியோரத்துக் கழியை நோக்கிப் போனான். பூவராகன் அலறினார். அவர் எப்போதும் அதட்டுகிறவர்தானே என்று அவன் சாவகாசமாகத்தான் திரும்பிப் பார்த்தான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று.

மாலையில் குரு படியிறங்கி வந்தார். கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் போட்டார். சுழியோரத்துக் கழியை மட்டும் இன்னும் ஆழமாக அடித்து இறக்கினார்.

"சாமி, அந்தப் பாசிப்படி வழுக்குமே," பதறினார் பூவராகன். "பிள்ளை விழுந்துடுவாளே!"

"விழுவா, பூவராகா. அங்கே விழுந்தா எழுந்து வந்துடலாம்."