தள்ளுபடி மனுவும் பானைத் தெப்பமும்

முன்னொரு காலத்தில், தலைநகரிலிருந்து அரை நாள் பயணத்தில் கருவாறு என்றொரு ஆறு ஓடிய நாட்டை வல்லபதேவர் என்ற மன்னர் ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் மனத்தில் ஒன்று தோன்றினால் மதியத்துக்குள் அது சட்டமாகிவிட வேண்டும் அவருக்கு.

ஒரு நாள் அண்டை நாட்டுப் பாணன் ஒருவன் அவைக்கு வந்து, தன் அரசன் வெட்டிய குளங்களையும் கட்டிய சத்திரங்களையும் நெடுநேரம் பாடிவிட்டுப் போனான். அன்றைக்கு மன்னருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஊர் ஊராகப் பறை அறிவித்தார்கள். குளமோ கிணறோ சாலையோ பாலமோ, தங்கள் ஊருக்கு எது வேண்டுமென்றாலும் குடிமக்கள் மனுச் செய்யலாம். தகுதியான பணிக்கு அரண்மனைக் கருவூலம் மானியம் கொடுக்கும்.

மனுக்களை விசாரிக்கும் பொறுப்பு கருவூல அதிகாரி தனகோடியாருக்குப் போனது. அவர் திருடர் இல்லை. ஆனால் கருவூலத்தின் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே அவருக்கு நெஞ்சு அடைக்கும். ஆகவே மானியச் சட்டத்தை எழுதும்போது முதல் வரியிலேயே ஒரு முள் வைத்தார். "குறித்த நாளில் மனுதாரர் அவைக்கு நேரில் வாராவிடில் மனு தள்ளப்படும்."

மன்னர் தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். அரண்மனையில் கொடுத்த மனு காணாமல் போய்விட்டது என்று யாரும் தம்மைப் பழிக்கக் கூடாது என்பது அவர் கவலை. "தள்ளப்படும் மனு எதுவாயினும், தள்ளியவரே தம் கையால் மனுதாரர் கையில் அன்றே சேர்ப்பிக்க வேண்டும்." இதில் தமக்கு ஒரு நட்டமும் இல்லை என்று தனகோடியார் நினைத்தார்.

ஆனி மாதத்தில், நாணல்திட்டு என்ற ஊரிலிருந்து குருவம்மா என்ற பெண் மனுவோடு வந்தாள். கருவாற்றுக்கு அக்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. பின்னால் காடு, முன்னால் ஆறு.

"ஆத்துக்கு ஒரு பாலம் வேணும் சாமி," என்றாள். "கோடையில நடந்து வந்துருவோம். மழை பெஞ்சா அவ்வளவுதான். பானையக் கவுத்து மூங்கில்ல கட்டி ஒரு தெப்பம் வச்சிருக்கோம். ரெண்டு கரையிலயும் ஆளு நின்னு கயித்தப் புடிச்சு இழுக்கணும். போன மழையில எம்மவளப் பிரசவத்துக்கு அதுலதான் ஏத்துனோம். நடு ஆத்துல கவுந்துருச்சு."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டு மனுவை நீட்டினாள். தனகோடியார் வாங்கி வைத்துக்கொண்டு, "விசாரணை நாளைப் பறையறைந்து தெரிவிப்போம்," என்று அனுப்பிவிட்டார்.

அந்த நாள் எது என்று அவையில் அறிவித்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. விடாத மழை. ஐப்பசிப் பௌர்ணமியில் விசாரணை என்று தனகோடியார் படித்ததும், அவை விகடன் ஏகாம்பரன் எழுந்தான்.

"அரசே, எனக்கு ஒரு சிறு ஐயம். வர வழியில்லை, பாலம் கொடுங்கள் என்று கேட்டவர்களை, வெள்ளத்தில் நேரில் வரச் சொல்கிறோம். அவர்களால் வர முடிந்தால் பாலம் தேவையில்லை என்று தள்ளலாம். வர முடியாவிட்டால் வரவில்லை என்று தள்ளலாம். இவ்வளவு கெட்டியான சட்டத்தை நான் பார்த்ததில்லை."

மன்னர் சிரித்தார். அவையும் சிரித்தது. தனகோடியார் சிரிக்கவில்லை. ஏகாம்பரன் ஒவ்வொரு முறை மன்னரைச் சிரிக்க வைக்கும்போதும் அவருக்கு வயிறு எரியும்.

"சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், அரசே," என்றார் அவர். "விகடருக்கு அந்த ஊர்மேல் அத்தனை அக்கறை இருந்தால், அவரே பிணை நிற்கட்டும். அவர்கள் வராமற்போனால், இவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு அவையை விட்டுப் போகட்டும்."

மன்னர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதற்குள் ஏகாம்பரன், "சம்மதம்," என்று சொல்லிவிட்டான். அவை அதிர்ந்துபோனது. தனகோடியாரே ஒரு கணம் விழித்தார்.

பௌர்ணமி வந்தது. வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. விடியலிலேயே விசாரணை தொடங்கியது. சேனாதிபதியின் மைத்துனருடைய ஊருக்கு, ஏற்கெனவே இருக்கும் ஆடல் மண்டபத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆடல் மண்டபம் கிடைத்தது. புரோகிதரின் ஊருக்குத் தாமரைக் குளம் கிடைத்தது. அவர்கள் எல்லோரும் பல்லக்கில் வந்திருந்தார்கள்.

"நாணல்திட்டு," என்று கூப்பிட்டார்கள். பதில் இல்லை. வாசலில் நின்றும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

தனகோடியார் மனுவின்மேல் 'தள்ளுபடி' என்று எழுதி முத்திரை இட்டார். பிறகு ஏகாம்பரனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ஏகாம்பரன் எழுந்தான். தலைப்பாகையைக் கழற்றி மன்னரின் காலடியில் வைத்தான். அவனை வெறுந்தலையோடு அதுவரை யாரும் பார்த்ததில்லை. முன்னந்தலை முழுக்க வழுக்கை. அதைப் பார்த்து ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"போகிறேன், அரசே. போகுமுன் தங்கள் ஆணை நிறைவேறுவதைக் கண்ணாரப் பார்க்க விரும்புகிறேன்."

"எந்த ஆணை?"

"மனு தள்ளப்பட்டுவிட்டது. தள்ளியவரே தம் கையால் மனுதாரர் கையில் அன்றே சேர்ப்பிக்க வேண்டும் என்பது தங்கள் வாக்கு. மனுதாரர் அக்கரையில் இருக்கிறார்."

தனகோடியாரின் முகம் வெளுத்தது. "ஒரு சேவகனை அனுப்புகிறேன்."

"அது சேவகனுடைய கை. சட்டத்தில் உமது கை என்றல்லவா இருக்கிறது? எல்லோருக்கும் சட்டம் ஒன்றுதான் என்று நீர்தான் சொன்னீர்."

மன்னர் தாம் சேர்த்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கு உற்சாகம் பொங்கியது. "உண்மைதான். நம் வாக்கு பிசகக் கூடாது. தேரைப் பூட்டுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்," என்றார். அவையோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதியம் கழிந்து ஆற்றங்கரையை அடைந்தார்கள். தேரை விட்டு இறங்கிய மன்னர் அப்படியே நின்றுவிட்டார். அவர் வேட்டைக்குப் போவதெல்லாம் மேற்கே. கருவாற்றை மழைக்காலத்தில் அவர் பார்த்ததே இல்லை. கலங்கிச் சிவந்த தண்ணீர் வேரோடு பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு போனது. செத்த எருமை ஒன்று நான்கு காலும் மேலே தெரிய மிதந்து போயிற்று.

"இவ்வளவு பக்கத்திலா இது இருக்கிறது?" என்று மெல்லக் கேட்டார்.

இக்கரை ஊர்க்காரர்கள் சிலர் தெப்பத்தைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அரச பரிவாரத்தைக் கண்டு அவர்கள் கும்பிட்டு ஒதுங்கினார்கள். அவர்களில் மூத்தவரான மாடக்கண்ணு என்பவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அக்கரையில துணிய ஆட்டிக் கூப்புடுறாங்க மகாராசா. தெப்பம் வேணுமாம். எதுக்குன்னு தெரியல, தண்ணி எரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல."

"நல்லதாய்ப் போயிற்று. இந்த ஐயாவையும் ஏற்றி அனுப்புங்கள்," என்றான் ஏகாம்பரன்.

தனகோடியார் மன்னரைப் பார்த்தார். மன்னர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியின்றி மனுவை மடியில் செருகிக்கொண்டு, மாடக்கண்ணு கைகொடுக்கத் தெப்பத்தில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டார். பாதி ஆற்றில் அவருடைய சரிகைத் தலைப்பாகை தண்ணீரோடு போனது. அதுவரை ஏகாம்பரனுக்கு உள்ளூரக் குதூகலம்தான். இந்த மனிதர் நனைந்த வேட்டியோடு திரும்பி வருவார், மன்னர் சிரிப்பார், பாலம் வந்துவிடும் என்பது அவன் கணக்கு.

அக்கரையில் தனகோடியாரைத் தூக்கிக் கரையில் விட்டார்கள். எதிரே குருவம்மா நின்றாள். அவள் பின்னால் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் அவளுடைய மருமகள் பொன்னுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தாள்.

தனகோடியார் மடியிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார். "உன் மனு... தள்ளுபடி..."

குருவம்மா அதை வாங்கினாள், பார்க்கவில்லை. "பிள்ள வயித்துக்குள்ள குறுக்கால கெடக்குய்யா. இக்கரையில கை வைக்கத் தெரிஞ்சவ யாரும் இல்ல. அக்கரை மருத்துவச்சிக்கிட்டத்தான் போகணும். தெப்பம் ஒரு ஆளத்தான் தாங்கும். பெரிய அதிகாரி, உங்கள இங்க நிக்க வைக்க எங்களுக்குப் பயமா இருக்கு. நீங்க போறீங்களா, இவ போகட்டுமா?"

தனகோடியார் ஆற்றைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். தம் வாழ்நாளில் எத்தனையோ மனுக்களைத் தள்ளியவருக்கு, அவற்றில் ஒன்றேனும் இப்படி முனகும் என்று தெரியாது. சற்று விலகி நின்று, "கட்டிலை ஏற்றுங்கள்," என்றார்.

திரும்பி வரும் தெப்பத்தில் கருவூல அதிகாரியை எதிர்பார்த்து நின்ற மன்னர், கட்டிலோடு கட்டப்பட்ட ஒரு பெண்ணைக் கண்டார். ஒரு பக்கம் தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு குருவம்மா நீந்தி வந்தாள், மறுபக்கம் பொன்னுத்தாயின் கணவன். ஏகாம்பரனின் முகத்தில் ஈயாடவில்லை. நடு ஆற்றில் ஒரு மரம் உருண்டு வந்து மோதியது. பானைகள் உடையும் சத்தம் கரைவரை கேட்டது. தெப்பம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

அப்போது மன்னர் செய்ததை அங்கிருந்தவர்கள் பிறகு எத்தனை முறை சொன்னாலும் கேட்டவர்கள் நம்பவில்லை. பட்டாடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மாடக்கண்ணுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துவிட்டார். சேனாதிபதியும் புரோகிதரும் ஏகாம்பரனும் பின்னால் பாய்ந்தார்கள். எல்லோருமாக இழுத்தார்கள். கட்டிலை அவர்கள் மேட்டில் தூக்கி வைத்த கையோடு, மூங்கில்கள் அவிழ்ந்து தெப்பம் துண்டு துண்டாக ஆற்றோடு போயிற்று.

மருத்துவச்சி ஓடி வந்தாள். புளியமரத்தடியில் சேலைகளைச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். மன்னர் ஈரத்தோடு வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். கயிறு அறுத்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரன் மரத்துக்கு முதுகு காட்டி நின்றான். தான் செய்த தந்திரம் இவ்வளவு பெரிய காரியத்தின் நடுவே போய் விழும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் குழந்தை அழுதது. மருத்துவச்சி வெளியே எட்டிப் பார்த்து, "ரெண்டு உசுரும் தப்பிச்சுது," என்றாள். குருவம்மா அப்போதுதான் முதன்முறையாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மன்னர் நெடுமூச்சு விட்டுத் தலை நிமிர்ந்தார். அக்கரையில் தன்னந்தனியாக ஓர் உருவம் மேல்துண்டை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அது யார்?"

"தனகோடியார், அரசே. மனுச் செய்கிறார்."

"என்ன கேட்கிறார்?"

"பாலம் கேட்கிறார் போலிருக்கிறது."

மன்னரின் உதடு லேசாக அசைந்தது. ஏகாம்பரன் கைகட்டி, அவையில் பேசுவதுபோலவே தொடர்ந்தான். "ஆனால் விசாரணை நாளான இன்று அவர் தங்கள் முன் நேரில் வரவில்லை. சட்டப்படி அவர் மனுவைத் தாங்கள் தள்ளத்தான் வேண்டும்."

"தள்ளிவிடலாமே."

"தள்ளலாம். தள்ளியவரே தம் கையால் அன்றே சேர்ப்பிக்க வேண்டும். தெப்பம்கூட இல்லை. தாங்கள் நீந்துவீர்களா, அரசே?"

மன்னர் ஆற்றைப் பார்த்தார். அக்கரையில் துண்டு இன்னும் வேகமாக ஆடியது. அதுவரை நெஞ்சில் இறுகிக் கிடந்ததெல்லாம் உடைந்து, அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

"இரண்டு வரியையும் அடித்துவிடுங்கள்," என்றார் மன்னர். "தாமரைக் குளத்தையும் ஆடல் மண்டபத்தையும் அடித்துவிடுங்கள். அம்மா குருவம்மா, உன் ஊருக்குக் கல்பாலம் வரும். இது என் வாக்கு."

குருவம்மா கும்பிட்டாள். "மழ நின்னதும் தொடங்கிருங்க மகாராசா. அடுத்த மழைக்குள்ள முடிஞ்சுரணும்," என்றாள். மன்னருக்கு அதுவரை யாரும் கெடு விதித்ததில்லை. சேனாதிபதி திடுக்கிட்டார். மன்னர் சரி என்று தலையாட்டினார்.

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரன் கழுத்தில் போட்டு, "உன் பிணை செல்லாது. அவர்கள் வரவில்லையே தவிர, நாம் அவர்களிடம் வந்துவிட்டோம்," என்றார்.

தனகோடியார் வெள்ளம் வடியும்வரை குருவம்மா வீட்டில் கேழ்வரகுக் கூழும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். திரும்பி வந்தபோது இளைத்துக் கறுத்திருந்தார். தம் மேற்பார்வையிலேயே பாலத்தைக் கட்டுவித்து, சொன்னபடி அடுத்த மழைக்கு முன் முடித்தார்.

அதற்குப் பிறகு வந்த முதல் விசாரணையில், மலையடி ஊர் ஒன்றைக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. கணக்கர் ஒருவர் பழைய பழக்கத்தில், "தள்ளிவிடலாமா?" என்று கேட்டார்.

தனகோடியார் எழுந்து மேல்துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒரு குதிரை வேண்டும், அரசே. அந்த ஊருக்கும் நமக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்."

அவையோர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மன்னர் சிம்மாசனத்தில் சாய்ந்து, விலா நோகச் சிரித்தார்.