லவெர்டாவின் கனம்

தெய்வானைக்குக் கோபம் வந்தால் அவளுடைய ஃபவுண்டரியில் உலைகூடக் கொஞ்சம் அடங்கி எரியும் என்று வேலையாட்கள் சொல்வார்கள். அன்று அவள் கோபத்தோடு போனது ஃபவுண்டரிக்கு அல்ல. செட்டிபாளையம் சாலையில் சுலைமான் மாஸ்டரின் மைதானத்துக்கு.

சுலைமான் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். நாற்பதைத் தாண்டிய பிறகு பைக் கற்றுக்கொள்ள வந்த தெய்வானைக்குக் கிளட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவளைவிட வயதில் சிறியவர். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை மாஸ்டர் என்பாள்.

"மாஸ்டர், என் வண்டியை எவனோ ஓட்டுவானாம். நான் பார்த்துட்டு நிக்கணுமாம்."

"யாருங்க சொன்னது?"

"வேற யாரு, சம்பத்துதான்."

சம்பத், பழைய வண்டிக் கழகத்தின் தலைவர். தெய்வானையிடம் மூன்று பழைய இத்தாலிய பைக்குகள் இருந்தன. மோரினி, குஸ்ஸி, லவெர்டா. மூன்றும் துருப்பிடித்துக் கிடந்தபோது வாங்கி, பார்த்துப் பார்த்து உயிர் கொடுத்து வைத்திருந்தாள். போன வருடக் கூட்டத்தில், வாசலில் நின்றிருந்த இடத்திலேயே லவெர்டா சாய்ந்துவிட்டது. ஜல்லியில் அவள் கால் வழுக்கியது, அவ்வளவுதான். ஆனால் இந்த வருடக் கோத்தகிரிப் பயணத்துக்குச் சம்பத் ஏற்பாடு செய்துவிட்டார். மேடம் சின்ன வண்டி மோரினியில் வரட்டும், பெரிய வண்டிகள் இரண்டையும் நம்ம ஆட்கள் கொண்டுவந்துவிடுவார்கள் என்று.

"உபகாரம் பண்றாராம்! நான் கேட்டனா? அந்த எஞ்சினைப் பிரிச்சு மாட்டினப்ப இவரு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாரா?"

மாஸ்டர் டீ ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"மூணையும் கொண்டாந்திருக்கேன். டெம்போவுல இருக்கு."

"இறக்குங்க. ஓட்டிப் பார்ப்போம்."

முதலில் மோரினி. இடுப்பை அசைத்தாலே திரும்பியது. அவள் அதில் ஏறியதையே மறந்துபோனது போல ஒரு சுற்று வந்து நிறுத்தினாள்.

அடுத்து குஸ்ஸி. நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி வலப்பக்கம் ஒரு ஆட்டம் ஆடும், தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போல. நகர ஆரம்பித்துவிட்டால் அத்தனை பெரிய உடம்பும் எங்கே போனதென்றே தெரியாது.

கடைசியாக லவெர்டா. உயரமான எஞ்சின். விரல் நோகும் கிளட்ச். நேர் சாலையில் தண்டவாளத்தில் போவது போலப் போனது. ஆனால் மெதுவாகத் திருப்பும்போது கனம் முழுக்க அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. இறங்கும்போது அவள் சட்டை நனைந்திருந்தது.

"ஃபவுண்டரி எடைமேடையில வெச்சுப் பார்த்துட்டேன் மாஸ்டர். குஸ்ஸியும் இதுவும் ஏறக்குறைய ஒரே எடை. அப்புறம் ஏன் இது மட்டும் இப்படிக் கனக்குது? எடைமேடை பொய் சொல்லுதா, என் கை பொய் சொல்லுதா?"

"ரெண்டும் உண்மைதானுங்க. இதுல எடை மேல நிக்குது. அதுல கீழ உட்காந்திருக்கு."

"அது எஞ்சின் கதை. எனக்கே தெரியும். எத்தனை தடவை பிரிச்சிருக்கேன்! தெரிஞ்சும் ஏன் கனக்குதுன்னு கேக்கறேன்."

மாஸ்டர் யோசித்தார். "பயணம் அன்னிக்கு நானும் வர்றனுங்க" என்றார்.

இதென்ன பதில் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆறிப்போன டீயை மண்ணில் ஊற்றிவிட்டுக் கிளம்பினாள்.

பயணத்தன்று காலை, மலையடிவாரத்தில் எல்லோரும் கூடியிருந்த புல்வெளிக்குத் தெய்வானை லவெர்டாவில் வந்து இறங்கினாள். சம்பத் கையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

"மேடம், பேசி முடிச்ச விஷயம்."

"நீங்க பேசினீங்க. நீங்களே முடிச்சீங்க."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கொண்டை ஊசி வளைவுல சாஞ்சா யாரு தூக்கறது? போன வருஷம் நாலு பேரு ஓடி வந்தோம்."

"தூக்கிக் காட்டினா?"

"தூக்கிட்டா தாராளமா ஓட்டுங்க" என்று சிரித்தார் சம்பத். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

தெய்வானை எஞ்சினை நிறுத்தினாள். பெட்ரோலை அடைத்தாள். கியரைப் போட்டு, சைடு ஸ்டாண்டையும் இறக்கிவிட்டாள். பிறகு அத்தனை பேர் பார்க்க, தான் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய வண்டியைத் தானே வலப்பக்கமாகப் புல்லில் படுக்கவைத்தாள். குழந்தையைக் கட்டாந்தரையில் கிடத்துவது போல் இருந்தது.

வண்டிக்கு அந்தப் பக்கம் சம்பத் நின்றார். அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள். வண்டி ஒரு முழம் எழும்பி, திரும்பப் படுத்தது. மறுபடி இழுத்தாள். முதுகுத்தண்டில் சுரீரென்றது. யாரோ, "விடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்.

"கிட்ட வந்தா நடக்கறதே வேற!"

மாஸ்டர் கூட்டத்திலிருந்து வந்தார். வண்டியைத் தொடவில்லை.

"அக்கா, திரும்பி நில்லுங்க. முதுகை சீட்டுல கொடுங்க. குந்தி, ஹேண்டில்பாரை ஒரு கையில, பின்னாடி கம்பியை ஒரு கையில பிடிச்சுட்டு, காலால பின்னாடி நடங்க."

"முதுகைக் காட்டச் சொல்றீங்களா? இந்தாளுக்கா? நான் எவனுக்கும் முதுகு காட்டினவ இல்ல மாஸ்டர்."

"வண்டிக்குங்க."

"அவரு அங்கதான நிக்கறாரு!"

"நிக்கட்டும். வண்டி எந்திரிக்கணுமா, வேண்டாமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். இப்போது அவளுக்கு எதிரே சம்பத் இல்லை, சிரித்தவர்கள் இல்லை. மலைக்குப் போகும் சாலை மட்டும் இருந்தது. குந்தினாள். ஓரடி பின்னால் வைத்தாள். இன்னோரடி. முதுகுக்குப் பின்னால் லவெர்டா மெல்ல எழுந்தது. எழுந்து, ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.

சம்பத் தொண்டையைச் செருமினார். "சரி. ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிப் பக்கம் போனார்.

தெய்வானை சட்டென்று திரும்பி ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? நில்லுங்க! போன வருஷம் என்ன சொன்னீங்க? பொம்பளைக்கு எதுக்கு இந்த வீம்புன்னு சொன்னீங்கல்ல? இப்பச் சொல்லுங்க! எல்லாரும் கேக்கட்டும்!"

வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பின. அவள் குரல் அதில் அமுங்கிப்போனது. கூட்டம் முதல் வளைவில் மறைந்தது. அவள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரை இன்னும் விடவில்லை.

"பார்த்தீங்களா மாஸ்டர்? ஒரு மன்னிப்புகூடக் கேக்காமப் போறான் பாருங்க! கையெல்லாம் விட்டுப்போச்சு. சனியன், இன்னும் என்ன கனம் கனக்குது!"

மாஸ்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கைகளைப் பார்த்தார்.

"வண்டி அப்பவே நிமிந்துருச்சுங்க அக்கா" என்றார். "நீங்க இன்னும் எதைத் தூக்கிட்டிருக்கீங்க?"