குரைக்காத நாயும் வெள்ளிக்கிழமைக் கெடுவும்

மூளையைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு இறக்க மறந்த குடும்பம் ஒன்று கோணம்பட்டியில் இருந்தது. மூத்த மருமகள் சீனியம்மா. அவள் கிழித்த கோட்டைத் தாண்டாத கொழுந்தன்மார் கருப்பணனும் மூக்கனும்.

சீனியம்மாவுக்குக் கோழிகள்தான் உயிர். பன்னிரண்டில் இரண்டை எவனோ அமுக்கிக்கொண்டு போய்விட்டான். மிச்சத்தைக் காக்கச் சந்தையில் ஒரு நாய் வாங்கினாள். விற்றவன் சீட்டில் எழுதியே கொடுத்தான்: திருடனைக் கண்டால் குரைக்கும்; குரைக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து வேறு நாயாக மாற்றிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமையும் வந்தது. நாய் தின்றது, தூங்கியது, வாலாட்டியது. மருந்துக்குக்கூட ஒரு குரைப்பு இல்லை.

“திருப்பிக் குடுத்துருவோம் மதினி,” என்றான் கருப்பணன்.

“திருடனே வரலையேடா. வராதவனப் பாத்து அது எப்படிக் குரைக்கும்? நாமளும் நியாயமா நடக்கணும்ல,” என்றாள் சீனியம்மா.

அதுவும் சரிதானே. மூக்கன் வெற்றிலை பாக்கோடு பக்கத்து ஊருக்குப் போய், கோழி பிடிப்பதில் பேர்போன திருடன் சடையனை முறைப்படி அழைத்து வந்தான். சடையன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி வந்து, காப்பியும் குடித்தான். நாய் அவன் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

“விருந்தாளியாட்டம் உக்காந்திருந்தா அதுக்கு என்ன தெரியும்? கொஞ்சம் திருடிக் காட்டுங்கண்ணே,” என்றாள் சீனியம்மா.

சடையன் பேச்சைத் தட்டவில்லை. பத்துக் கோழிகளையும் கூடையில் அடைத்தான். மூக்கன்தான் தூக்கித் தலையில் வைத்தான். நாய் கொட்டாவி விட்டது.

“இன்னும் வாசல் தாண்டலையே மதினி. தாண்டுனாத்தான திருட்டு?” என்றான் கருப்பணன்.

சடையன் வாசலைத் தாண்டினான். தெருமுனையையும் தாண்டினான். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. சீனியம்மாவுக்கு ஒரே சந்தோசம். சொன்னபடி இல்லாத சரக்கு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சீட்டைத் தேடி மூவரும் வீட்டுக்குள் ஓடினார்கள்.

அதற்குள் சடையன் திரும்பி வந்து நாயையும் அவிழ்த்து இழுத்தான். அப்போது குரைத்தது பாருங்கள், தெருவே அதிர்ந்தது. மூவரும் வெளியே வந்து, அது குரைத்துக்கொண்டே போவதைச் சீட்டும் கையுமாகப் பார்த்து நின்றார்கள்.

“குரைச்சிருச்சே மதினி. இனி மாத்த முடியாதே,” என்றான் மூக்கன்.

“எதுக்குடா மாத்தணும்? நல்ல நாய்தான்,” என்றாள் சீனியம்மா.

மறுநாள் சந்தையில் விற்றவனே விசாரித்தான், நாய் எப்படி என்று.

“சொன்ன சொல் தவறலண்ணே. திருடனக் கண்டா குரைக்குது. அதான் திருடன் வீட்டுலயே விட்டு வச்சிருக்கோம். கோழிகளும் அங்கதான் இருக்கு. இனி ஒருத்தனும் தொட முடியாதுல்ல,” என்றாள் சீனியம்மா.