யானைமேல் முதலில் ஏறிய முள்ளம்பன்றி

ஆப்பிரிக்கப் புல்வெளியில், குடை விரித்ததுபோல் இருந்த ஒரு வேலமரத்தடியில், ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. அதுதான் அந்த வட்டாரத்தின் பொது வண்டி. எல்லோரும் அதைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள்.

பெரிய வனப் பூங்காவுக்குப் போக வேண்டியவர்கள் பெரும்பாலும் பெரியம்மாவின் முதுகில் ஏறித்தான் போவார்கள். நடந்து போனால் பூங்கா வாசலில் நிற்கும் காண்டாமிருகம் உள்ளே விடாது. "நடந்து போறவங்களைச் சிங்கம் பார்த்துட்டா, அப்புறம் யார் பதில் சொல்றது? திரும்பிப் போங்க!" என்று விரட்டிவிடும்.

பெரியம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதுகு நிறைய ஆள் ஏறி, கனம் தெரிந்தால்தான் அது அடி எடுத்து வைக்கும். அதுவரை நின்றபடியே தூங்கும். முதலில் ஏறியவர்கள் கடைசி ஆள் வரும்வரை வெயிலில் காய வேண்டியதுதான்.

அன்று காலை, மரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கரையான் புற்றின் பின்னால் இரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள். ஒன்று ஈட்டியன் என்ற முள்ளம்பன்றி. மற்றொன்று அதன் நண்பன் வட்டன் என்ற ஆமை.

ஈட்டியனின் தங்கை செவ்வந்தி, பூங்காவுக்குள் ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தது. அதற்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. குட்டியின் முள் முதன்முதலாக விறைக்கும் நாளில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பெயர் வைப்பது முள்ளம்பன்றிகளின் வழக்கம். அந்த நாள் இன்றுதான். சூரியன் மறைவதற்குள் பெயர் வைத்தாக வேண்டும்.

"அண்ணா, நீ வரலேன்னா குட்டியைப் பாறைமேல உட்கார வச்சுப் பேர் வச்சுடுவாங்க. மாமன் இல்லாத பிள்ளைன்னு என் மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க!" என்று செவ்வந்தி ஒரு கொக்கிடம் சொல்லி அனுப்பியிருந்தது.

ஈட்டியனுக்குத் தங்கை என்றால் உயிர். ஆனால் செலவு என்றால் அதன் முட்கள் தாமாகவே நிமிர்ந்துகொள்ளும். ஏரிக்கரைவரை தனியாகக் கொண்டுபோய் விட ஓர் ஒட்டகச்சிவிங்கி தயாராக இருந்தது. ஆனால் ஒரு மூட்டைக் கிழங்கு கேட்டது.

"ஒரு மூட்டையா? நீ இங்கே நின்னு எட்டிப் பார்த்தாலே ஏரி தெரியும்! அதுக்குப் போய் இவ்வளவு கூலியா?" என்று சொல்லிவிட்டு ஈட்டியன் வந்துவிட்டது.

பூங்காவில் தங்குவதற்கு விடுதியும் வேண்டாம் என்று, சாக்குத் துணியில் தானே ஒரு கூடாரம் தைத்துக்கொண்டது. தரையில் அடிக்கும் முளைகளும் சொந்த முட்கள்தான்.

"முளை வாங்கவே இல்லை தெரியுமா? எல்லாம் என் உடம்பிலேயே விளைஞ்சது!" என்றது பெருமையாக.

வட்டன் கூடாரத் துணியைத் தூக்கிப் பார்த்தது. துணி வழியாக வானம் தெரிந்தது.

"ஏம்ப்பா, இத்தனை ஓட்டை?"

"தைச்சது யாரு? நான்தானே! ஒரு தையல் போட்டுட்டுத் திரும்பினா, பின்பக்கம் பத்து ஓட்டை விழுது. நல்ல வேளை, நான் தையல்காரனாப் போகலே. ஊரே சல்லடையைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கும்!"

வட்டன் சிரித்தது. "எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. கழுத்தை உள்ளே இழுத்தா வீடு. அது சரி, நாம ஏன் இங்கே ஒளிஞ்சிருக்கோம்? போய் ஏறிக்கலாமே?"

"மெதுவாப் பேசுடா! முதல்ல ஏறுறவன் ஏமாளி. வெயில்ல உட்கார்ந்து வறுபடுவான். கடைசி இடத்துல ஏறுறவன்தான் கெட்டிக்காரன். ஏறினதும் வண்டி கிளம்பிடும். நம்மை மாதிரி மூளை உள்ளவங்க நிழல்ல காத்திருக்கணும்."

"எனக்கு மூளை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றது வட்டன்.

சிறிது நேரம் சென்றது. ஈட்டியன் புற்றுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தது. பெரியம்மாவின் முதுகு கிட்டத்தட்ட நிறைந்திருந்தது! வரிசையாகக் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. கீழே நடத்துநர் பபூன் குரங்கு கையைத் தட்டிக் கத்தியது.

"ஏரி! ஏரி! ஏரி! கிளம்பியாச்சு! ரெண்டே ரெண்டு இடம்! ஓடி வாங்க!"

"ஓடு, வட்டா!" என்று கத்திக்கொண்டு ஈட்டியன் ஓடியது. வட்டனும் ஓடியது. அதாவது, ஓடுவதாக நினைத்துக்கொண்டு நடந்தது.

பபூன் ஆளுக்கு ஒரு கிழங்கு வாங்கி, அங்கேயே கடித்துத் தின்றுவிட்டது. பெரியம்மா பாதித் தூக்கத்திலேயே தும்பிக்கையால் இருவரையும் தூக்கி முதுகில் வைத்தது.

"பார்த்தியா? இதுதான் கணக்கு! இப்போ கிளம்பும் பாரு!" என்றது ஈட்டியன்.

வண்டி கிளம்பவில்லை. இரண்டு குரங்குகள் இறங்கின.

"எங்கேப்பா போறீங்க? வண்டி கிளம்பப் போகுது!"

"எங்க வேலை முடிஞ்சுது, அண்ணே. ரெண்டு பேர் ஏறினா ரெண்டு பேர் இறங்கணும். வண்டியில கூட்டம் தெரியணும்னு நடத்துநர்தான் எங்களைச் சும்மா உட்கார வச்சிருக்காரு. நாங்க எந்த ஊருக்கும் போறதில்லே."

"அடப்பாவிகளா! இங்கே இருக்கிற எல்லாருமே..."

"எல்லாருமேதான்!" என்றன மற்ற குரங்குகள் ஒரே குரலில்.

ஈட்டியனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் முள்ளம்பன்றிக்கு என்ன ஆகும்? அத்தனை முட்களும் சிலிர்த்துக்கொண்டன. பக்கத்தில் இருந்த குரங்கு, "ஐயோ, குத்துதே!" என்று அலறிக் குதித்தது. அதைப் பார்த்து அடுத்தது குதித்தது. கண்மூடித் திறப்பதற்குள் பெரியம்மாவின் முதுகு காலி!

மீதி இருந்தது ஒரு முள்ளம்பன்றியும் ஓர் ஆமையும்தான்.

"நாம இப்போ கடைசியா ஏறினவங்களா, முதல்ல ஏறினவங்களா?" என்று வட்டன் கேட்டது.

ஈட்டியன் கீழே எட்டிப் பார்த்தது. இறங்கலாம் என்றால் கிழங்கு பபூனின் வயிற்றில் இருந்தது. வேறு வழியில்லாமல், வேண்டுமென்றே ஏறியவன்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"இங்கே நல்லாக் காத்து வருது" என்றது சத்தமாக.

"அனல்காத்து" என்றது வட்டன்.

ஒரு புதருக்குப் பின்னாலிருந்து கழுதைப்புலியின் குரல் கேட்டது. "என்ன ஈட்டியண்ணே! தனி வண்டி பிடிச்சிட்டீங்க போலிருக்கே! ஒட்டகச்சிவிங்கியே கட்டுப்படி ஆகாதுன்னீங்க, இப்போ யானையே எடுத்துட்டீங்களே!"

ஈட்டியன் கேட்காததுபோல் வானத்தைப் பார்த்தது. வானத்தில் சூரியன் உச்சிக்கு வந்திருந்தது.

குரங்குகள் போட்ட வேஷம் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி வண்டி நிறைந்திருந்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. காலியாக இருந்தாலோ யாரும் ஏறப் போவதில்லை. சூரியன் மேற்கே சாயத் தொடங்கியது. ஈட்டியனின் மனக்கண்ணில் செவ்வந்தி வந்து நின்றது. பாறைமேல் உட்கார்ந்திருக்கும் குட்டியும் வந்தது.

அப்போது ஈட்டியனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அது நல்ல யோசனை என்றும் தோன்றியது. அதுதான் வினை.

"வட்டா, கூடாரத்தை எடு! இங்கேயே கட்டுவோம். உள்ளே யார் இருக்காங்க, எத்தனை பேர் இருக்காங்கன்னு வெளியே தெரியாது. நாம பல குரல்ல பேசுவோம். கூட்டம்னு நினைச்சு எல்லாரும் ஏறுவாங்க!"

"எனக்கு ஒரு குரல்தான் இருக்கு. அதுவும் இன்னும் சரியா வரலே."

"சரி, நீ சும்மா இரு. நான் பேசுறேன்."

இருவரும் பெரியம்மாவின் முதுகில் கூடாரத்தைக் கட்டி உள்ளே புகுந்துகொண்டார்கள். ஈட்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டு மான் குரலில், "கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன், அக்கா!" என்றது. பிறகு வாத்துக் குரலில், "எங்கே தள்ளுறது? இடமே இல்லையே!" என்றது. பிறகு கரகரவென்று எருமைக் குரலில், "ஐயோ, யாரு என் காலை மிதிச்சது?" என்றது.

புதருக்குப் பின்னால் கழுதைப்புலி சொன்னது: "பாவம், வண்டியில இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே சளி பிடிச்சிருக்கு!"

ஈட்டியன் விடவில்லை. மெல்லிய குரலில், "நான் ஒரு கைக்குழந்தைக்காரி, எனக்கு ஒரு..." என்று ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துப் பெருங்காற்று அடித்தது. சாக்குத் துணி ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு பறந்தது. பட்டப்பகலில், காலி முதுகில், வாயைத் திறந்தபடி, இடுப்பில் கைவைத்து ஒயிலாக நின்றது ஈட்டியன்!

சிரிப்பு வெடித்தது. சிரித்தது கழுதைப்புலி மட்டும் இல்லை. இந்தப் புதரிலிருந்து ஒரு சிரிப்பு. அந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. புல்லுக்குள்ளிருந்து பல சிறிய சிரிப்புகள். மரத்துக்குப் பின்னால் கொக்கரிப்பு.

ஈட்டியனுக்கு உடம்பு கூசியது. கீழே குதித்துப் புற்றுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தது. அப்புறம் காதை நிமிர்த்திக் கேட்டது. எத்தனை பக்கத்திலிருந்து சிரிப்பு வருகிறது! இத்தனை பேர் இங்கே என்ன செய்கிறார்கள்?

அதற்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! இன்னும் கேளுங்க!" என்றது உரக்க. "காலையிலேர்ந்து அந்தப் புற்றுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தவன் நான். முதல்ல ஏறுறவன் ஏமாளின்னு வட்டனுக்குப் பாடம் எடுத்தவன் நான். கெட்டிக்காரத்தனமாக் கடைசியில ஏறி, முதல் ஆளா உட்கார்ந்திருக்கிறவனும் நான்தான்! இந்தப் புல்வெளியில இப்படி ஒரு அறிவாளியை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. கிட்ட வந்து பாருங்க, காசு வேண்டாம்!"

முயல் சிரித்துச் சிரித்துப் புதரிலிருந்து உருண்டு வெளியே விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு நீளமான கால் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் நெருப்புக்கோழி!

"அக்கா! நீங்களும் இங்கேதான் இருந்தீங்களா?"

"நான்... சும்மா... நிழலுக்கு நின்னேன்" என்றது நெருப்புக்கோழி.

புல்லை விலக்கிக்கொண்டு ஒரு கீரிக் குடும்பம் வந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு காட்டுப்பன்றிகள் வந்தன. கழுதைப்புலியும் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கள்லாம் எங்கே போகணும்?" என்று வட்டன் கேட்டது.

"ஏரிக்கு."

"நானும் ஏரிக்குத்தான்."

"நாங்களும்!"

"அப்போ ஏன் ஏறலே?"

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் கழுதைப்புலி தலையைச் சொறிந்தது. "கடைசி ஆளா ஏறலாம்னு..."

"நானும்தான்" என்றது முயல்.

"காலையிலேயே ஏறியிருந்தா, இந்நேரம் ஏரியில குளிச்சிட்டு இருப்போம்!" என்றது தாய்க்கீரி.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலே" என்றது ஈட்டியன். அதன் குரலில் இப்போது வேடிக்கை இல்லை. "பொழுது சாயறதுக்குள்ள நான் போகலேன்னா, என் தங்கச்சி பிள்ளை பாறைமேல உட்காரும். என்னை எவ்வளவு வேணா கேலி பண்ணுங்க. ஆனா மேல உட்கார்ந்து பண்ணுங்க!"

முதலில் முயல் ஏறியது. பிறகு எல்லோரும் முண்டியடித்தார்கள். ஆனால் ஈட்டியன் பக்கத்தில் உட்கார ஒருவரும் துணியவில்லை.

"நான் வால்பக்கம் போயிடறேன். என் பக்கத்துல வட்டன் உட்காரட்டும். அவன்தான் சுவரோட வந்திருக்கான்!" என்றது ஈட்டியன்.

பெரியம்மாவுக்கு முதுகில் கனம் தெரிந்தது. கண்ணைத் திறந்தது.

"இன்னும் ஒரே ஒரு ஆள்! ஒரு நிமிஷம்! ஏரி, ஏரி!" என்று பபூன் கத்தியது.

"வாயை மூடுடா!" என்று அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். பெரியம்மா நடந்தது.

வழியெல்லாம் ஒரே கேலி. மான் குரலை இன்னொரு தடவை பேசிக் காட்டச் சொன்னார்கள். ஈட்டியனும் பேசிக் காட்டியது. பூங்கா வாசலில் காண்டாமிருகம் தடுப்புக் கழியை இறக்கிக்கொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்து, "சீக்கிரம் போங்க!" என்று கழியை மறுபடி தூக்கியது.

ஏரிக்கரையில் வெயில் சிவந்துவிட்டது. செவ்வந்தியின் மாமியார் பாறையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தது. செவ்வந்தி குட்டியை விடாமல் அணைத்துக்கொண்டு வழியையே பார்த்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் பார்ப்பே? குடு குட்டியை!" என்று மாமியார் கையை நீட்டியது.

"மாமன் வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு ஈட்டியன் யானையின் வாலைப் பிடித்துச் சறுக்கி இறங்கியது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றது மாமியார்.

"வழி காலையிலேயே தெரியும், அத்தை. புத்திதான் மத்தியானம் வந்துச்சு!"

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. குட்டியை அண்ணன் மடியில் உட்கார வைத்தது. குட்டி உட்கார்ந்த வேகத்தில் ஈட்டியன், "ஐயோ!" என்று துள்ளியது.

"என்னண்ணா?"

"குத்துறான்! முள்ளம்பன்றிக்குப் பக்கத்துல உட்கார்ந்தா இப்படித்தான் இருக்குமா? என்னோட இத்தனை நாள் பழகினவங்களுக்கெல்லாம் கோயில் கட்டணும்!"

யானைமேல் இருந்த கழுதைப்புலிதான் முதலில் சிரித்தது. மாமியாரும் சிரித்துவிட்டது. ஈட்டியன் குனிந்து குட்டியின் காதில் பெயரைச் சொன்னது. சொல்லி நிமிர்ந்தபோது சூரியன் ஏரிக்குள் இறங்கியது.

அடுத்தவர் முதலில் ஏறட்டும் என்று எல்லோரும் ஒளிந்திருந்தால் ஒருவரும் ஊர் போய்ச் சேரமாட்டார்கள். தன் அசட்டுத்தனத்தைத் தானே சொல்லிச் சிரித்து முன்னால் நிற்க ஒருவன் துணிந்தால் எல்லோரும் போய்ச் சேருவார்கள்.