குணசீலன் என்ற வாசகர்

முன்பொரு சமயம், அதாவது ரொம்ப முன்பு இல்லை, தென்கோடியில் ஒரு கல்லூரி நூலகத்துக்கு ஒரு வலைவாசல் இருந்தது. கல்லும் மரமும் இல்லாத வாசல். கணினியிலோ கைப்பேசியிலோ அதைத் தட்டினால், உள்ளே இருக்கிற மின்னூல்களையும் தரவுத்தளங்களையும் வீட்டில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்.

அந்த வாசல் யாரையும் நம்பாது. வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது தூக்கிக்கொண்டு ஓடத்தான் வருகிறார்கள் என்பது அதன் முடிவு. அதன் பக்கத்தில் ஒரு பதிவேடு உட்கார்ந்திருக்கும். யார், எப்போது, எந்த ஊரிலிருந்து, எந்தப் பக்கத்தை, எத்தனை நிமிடம் படித்தார் என்று ஒன்று விடாமல் எழுதும். எழுதுமே தவிர யோசிக்காது. அதற்கு யாரும் யோசிக்கச் சொல்லித் தரவும் இல்லை.

வாசல் வந்த புதிதில் மாணவர்களுக்குத் தனித்தனியே கணக்கு தொடங்கித் தருவதாகத்தான் ஏற்பாடு. அதற்கு நாலு பக்கப் படிவம். படிவத்தில் கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியை எழுத வேண்டும். கல்லூரியோ அப்படி ஒன்றை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. நூலகர் குணசீலன் யோசித்துப் பார்த்தார். கேட்டு வந்தவரை இல்லையென்று அனுப்பத் தெரியாத மனிதர். தன் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். கல்லூரி முழுக்க வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனது.

ஆக, வாசலைப் பொறுத்தவரை அந்தக் கல்லூரியில் படிக்கிற ஆள் ஒரே ஒருவர்தான். குணசீலன்.

முதலில் புகார் சொன்னது தரவுத்தளம். லட்சக்கணக்கான கட்டுரைகளை வைத்திருக்கும் அதற்கு, தான் கடல் கடந்து வந்தது என்ற நினைப்பு எப்போதும் உண்டு.

“உன் குணசீலன் மனிதன்தானா? மூன்று மணிக்குக் குளச்சலில் மண் வேதியியல் படிக்கிறான். அதே மூன்று மணிக்குத் தக்கலையில் சோழர் கால நிலதானம் படிக்கிறான். அதே நேரத்தில் அருமனையில் மீன் செவுள் நோய். எனக்கென்னவோ இது சரியாகப் படவில்லை.”

“எனக்கும்தான்” என்றது வாசல். “பெரிய கையாக இருக்கும்.”

தேனீ நோய்களைப் பற்றிய ஒரு மின்னூல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் அது திறக்கும். பதினான்கு நாள் ஆனதும் தானாக மூடிக்கொள்ளும். கொஞ்ச நாளாவது ஒருவரோடு இருந்து பழகியதால் அதற்கு மனிதர்களைக் கொஞ்சம் தெரியும்.

“அது ஒரு ஆள் இல்லை” என்றது மின்னூல். “வேறு வேறு கை. ஒரு கை படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு கை வந்த வழியே திரும்பி, படித்த பக்கத்தையே மறுபடி படிக்கும்.”

“கையைப் பார்ப்பது என் வேலை இல்லை. பெயர் சரியா, சொல் சரியா, அவ்வளவுதான்.”

“இரண்டும்தான் சரியாக இருக்கிறதே, அப்புறம் எதற்குச் சந்தேகம்?”

“சந்தேகப்படத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்” என்றது வாசல்.

அது குணசீலனுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல்கள் அனுப்பியது. அவர் அவற்றை விளம்பரம் என்று நினைத்துத் திறக்கவே இல்லை. கடைசியில் வாசல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இனிமேல் கடவுச்சொல் மட்டும் போதாது. குணசீலனின் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதையும் அடித்தால்தான் உள்ளே விடும். திருடன் இனி எப்படி வருகிறான் பார்க்கலாம் என்று நிம்மதியாக உட்கார்ந்தது.

வாசலுக்கு அந்தக் கல்லூரியைத் தெரியாது. மறுநாளிலிருந்து மாணவர்கள் குணசீலனுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். “சாரே, நம்பரு வந்தா?” என்று கேட்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாக வாசிப்பார். பேருந்தில் நின்றுகொண்டு வாசித்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். அவர் மனைவி முதலில் கோபப்பட்டாள். பிறகு அவர் குளிக்கும்போது அவளே எடுத்து வாசித்தாள்.

ஆறு எண்ணும் ஒவ்வொரு முறையும் சரியாக வரவே வாசல், அவன்தான் குணசீலன், வேறு வழியில்லை என்று ஒப்புக்கொண்டது. நாளாக ஆக அவனைப் பற்றி அதற்கு ஒரு கணிப்பும் வந்தது. குணசீலன் அவசரக்காரன். ஒரே சமயத்தில் நாலு ஊரில் இருப்பான். எந்தப் பக்கத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டான். பதிவேடும் மூன்று வருடம் அப்படியே எழுதிக்கொண்டு வந்தது.

அந்தக் கல்லூரியில் பிரிசில்லா என்று ஒரு ஆய்வு மாணவி இருந்தாள். அவள் அப்பா மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர். புழுவிலேயே தேனீக்கள் சாகும் ஒரு நோயைப் பற்றித்தான் அவள் ஆய்வு. நாலு வருட உழைப்பு. ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் கருத்து, ஜோதிஷ் என்ற இன்னொரு ஆய்வு மாணவர் முன்பே ஓர் ஆய்விதழில் வெளியிட்டது. நீ அதைத் திருடியதாகத் தெரிகிறது. வியாழக்கிழமை விசாரணைக் குழுவின் முன் வந்து பதில் சொல். பதில் சரியில்லை என்றால் அவள் பதிவையே நீக்கிவிடுவார்கள்.

நடந்தது என்ன என்று மின்னூலுக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் பிரிசில்லா எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு பத்திக்கு மஞ்சள் பூசி, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு கை அதே பெயரில் உள்ளே வந்தது. மஞ்சளைக் கண்டு நின்றது. குறிப்பைப் படித்தது. தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனது. ஒரே கணக்கு என்பதால் ஒருவர் எழுதியது எல்லாருக்கும் தெரிந்தது. இந்தப் பழைய குறிப்பை இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஜோதிஷ் நினைத்துவிட்டான். அழிக்கவில்லை.

திங்கட்கிழமை பிரிசில்லா நூலகத்துக்கு வந்தாள்.

“சாரே, அந்தப் புத்தகத்த அவங்க முன்னால ஒரு தடவ திறந்து காட்டணும். எனக்க குறிப்பு அதுக்குள்ளதான் கெடக்கு.”

“திறந்தா யாரு பேருல திறக்கும்?”

அவள் கண்ணாடிக்கு அடியிலிருந்த சீட்டைப் பார்த்தாள். “சாருக்க பேருலதான்.”

குணசீலனுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான். கடவுச்சொல்லைக் கல்லூரிக்கே பங்கு வைத்தது வெளியே தெரிந்தால் வேலை போகலாம். பார்க்கலாம் என்று சொல்லி அவளை அனுப்பினார். அவள் இந்நேரம் யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தது. கண்ணாடிக்கு அடியிலிருந்த சீட்டை எடுத்துக் கிழித்தார். கைப்பேசியை அணைத்து வைத்தார். அவள் மூன்று நாளும் கூப்பிட்டுப் பார்த்தாள்.

மூன்று நாளாக வாசலுக்குள் யாரும் வரவில்லை.

“குணசீலன் எங்கே?” என்றது தரவுத்தளம்.

“வேறு எங்கோ கைவரிசை காட்டப் போயிருப்பான்” என்றது வாசல். மின்னூல் மட்டும் எண்பத்தெட்டாம் பக்கத்தை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை முதல்வர் ராஜகுமாரியின் அறையில் விசாரணை. வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். ஜோதிஷ் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பக்கம், பிரிசில்லா ஒரு பக்கம். சாட்சியாகக் குணசீலன். அந்த நூலைத் தான் முதலில் படித்ததாகப் பிரிசில்லா சொன்னதால், பதிவேட்டை நாற்பத்தாறு தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தன்னைக் கூப்பிட்டதில் பதிவேட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

தாள்களைப் புரட்டிக்கொண்டே போனார்கள். நாள் இருந்தது, மணி இருந்தது, ஊர் இருந்தது, பக்க எண் இருந்தது. பிரிசில்லா என்ற பெயர் எங்கேயும் இல்லை. ஜோதிஷும் இல்லை.

“யார் என்று கேட்கிறார்கள்” என்று பதிவேடு வாசலிடம் சொன்னது.

“குணசீலன் என்று சொல்.”

“சொல்லிவிட்டேன். மறுபடியும் கேட்கிறார்கள்.”

“எனக்கு இதற்கு மேல் எதுவும் தெரியாது” என்றது வாசல்.

“எனக்குத் தெரியும்” என்றது மின்னூல். “என்னைத் திறந்துவிடு.”

“எண்ணைக் கொண்டுவரச் சொல்.”

முதல்வர் தாளை வைத்துவிட்டுக் குணசீலனைச் சந்தேகமாகப் பார்த்தார். “மிஸ்டர் குணசீலன், தேனீ பத்தி இவ்வளவு படிச்சிருக்கீங்க?”

“ஆமா மேடம்” என்றார் குணசீலன். “ஒரு ஆர்வம்.”

பிரிசில்லா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மாட்டிக்கொள்வார். குழுவினர் அவளிடம் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள்.

“இல்ல மேடம்” என்றாள் பிரிசில்லா. “எனக்கு வேற ஒண்ணும் சொல்ல இல்ல.”

முதல்வர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். குணசீலனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அறையிலிருந்த கணினியைத் தட்டி, பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தார். பையிலிருந்து கைப்பேசியை எடுத்து உயிர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மணி ஒலித்தது.

“மக்களே, இங்க வா” என்று பிரிசில்லாவைக் கூப்பிட்டார். “நான் சொல்லுதேன், நீ அடி.”

எட்டு, பூஜ்ஜியம், மூன்று என்று அவர் வாசிக்க வாசிக்க, அவள் விரல்கள் பழக்கத்தில் தாமாக அடித்தன. இருவரும் இதை எத்தனை முறை செய்திருப்பார்கள் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

வாசல் திறந்தது. மின்னூல் ஓடி வந்து எண்பத்தெட்டாம் பக்கத்தை விரித்தது. மஞ்சள் பூசிய பத்தியின் பக்கத்தில் குறிப்பு அப்படியே இருந்தது.

“அப்பாக்க பெட்டியில பழைய அடை இருக்கதுலதான் இந்தப் புழு சாவுது. அடை மாத்துன பெட்டியில இல்ல. ஞாயித்துக்கிழம பன்னெண்டு பெட்டியையும் எண்ணிப் பாக்கணும்.”

கீழே தேதி இருந்தது. அந்தத் தேதியில் ஜோதிஷ் இந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கவே இல்லை. அவன் அப்பா வங்கியில் வேலை பார்ப்பவர். தேனீப் பெட்டியை அவர் கண்ணால் கண்டிருப்பாரா என்பதே சந்தேகம். ஒரு பேராசிரியர் குறிப்பை இரண்டு முறை வாசித்துவிட்டு ஜோதிஷின் பக்கம் திரும்பினார். அவன் தன் சட்டைக் கையைச் சரி செய்துகொண்டிருந்தான்.

முதல்வர் எழுதியதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். பிரிசில்லாவின் மேல் குற்றம் இல்லை, ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். ஜோதிஷை நாளை வரச் சொன்னார். கணக்கைப் பகிர்ந்ததற்கு ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று குணசீலனிடம் சொன்னார். குணசீலன் சரி மேடம் என்றார். பிரிசில்லா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்தவள் அழுதுவிட்டாள். போ மக்களே, அப்பாகிட்ட போய்ச் சொல்லு என்று அவளை அனுப்பிவைத்தார்.

எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் இருந்தார். கணினியை அணைக்கப் போனார். பக்கம் இன்னும் விரிந்தே கிடந்தது. இத்தனை பேர் போன் செய்து போன் செய்து உள்ளே போய்ப் பார்த்தது அப்படி என்னதான் என்று தோன்றியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பத்தியின் முதல் வரியிலிருந்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். புரியாத இடத்தில் நின்று மேலே போய்த் திரும்பவும் படித்தார். அந்த மூன்று வருடத்தில் அவர் உள்ளே வந்து படிப்பது அதுதான் முதல் தடவை.

பதிவேடு எழுதியது: குணசீலன், ஒரே ஊர், ஒரே பக்கம், பத்தொன்பது நிமிடம்.

வாசல் அந்த வரியைப் படித்துப் பார்த்தது. இன்னொரு முறையும் படித்துப் பார்த்தது. பிறகு அதன்மேல் சிவப்புக் குறி போட்டு, கணக்கைப் பூட்டி, காரணம் எழுத வேண்டிய இடத்தில் இப்படி எழுதியது:

“இது குணசீலன் இல்லை.”