சாக மாட்டேன்னு ஓடின மாடு

கால ஆட்டாதடா முகில், கட்டிலே ஆடுது. அத்தை கதை சொல்லணும்னா ரெண்டு காலும் போர்வைக்குள்ள இருக்கணும். "ம்" கொட்டலேன்னா எழுந்து போயிடுவேன். ஆங், அப்படி.

ஒரு ஊர்ல ஒரு மாடு இருந்துச்சாம். நம்ம ஊர் இல்ல, பிரேசில். பந்து விளையாடுவாங்களே, அந்த தேசம். நிஜ மாடும் இல்ல. நம்ம பொய்க்கால் குதிரை மாதிரி ஒரு கூடு, அது மேல கருப்பு வெல்வெட்டு, துணி பூரா பாசிமணி. உள்ள அன்செல்மோன்னு ஒருத்தன் பூந்துக்குவான். அவன் காலு மட்டும்தான் வெளிய தெரியும். அந்தக் காலு இருக்கே, உன் காலு மாதிரிதான், ஒரு நிமிஷம் சும்மா கிடக்காது.

அங்க ஜூன் மாசம் அருளப்பர்னு ஒரு புனிதரோட திருநாள். மேளம் டமக்கு டமக்குன்னும், மரக்கட்டை சடக் சடக்குன்னும் அடிக்க, தெருத்தெருவா மாடு ஆடும். அப்புறம் விழா முடியற அன்னிக்கு மாடு ஓடி ஒளிஞ்சுக்கணும். ஊரே தேடிப் பிடிச்சு அதைக் கொல்லுற மாதிரி நடிக்கும். ரத்தத்துக்குப் பதிலா திராட்சை ரசத்தை ஊத்துவாங்க. அப்புறம் துணியைப் பிரிச்சு, பாசிமணிய வீட்டுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்துடுவாங்க. அடுத்த வருஷம் புதுத் துணி, புதுப் பேரு, மாடு மறுபடி பொறந்துடும்.

ஐயே, அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுக்கற? எல்லாருக்கும் அது விளையாட்டு. அந்த வருஷம் அன்செல்மோவுக்கு மட்டும் விளையாட்டா இல்ல. துணிய தைச்சது அவன் பொண்டாட்டி ஜுல்மீரா. தைச்சு முடிச்சுட்டுக் காய்ச்சல்னு படுத்தா, எழுந்துக்கவே இல்ல பாவம். அவ கைபட்டது இனிமே அது ஒண்ணுதான். அதைப் பிரிக்க விடுவானா?

ம்?... விடமாட்டான்ல. மாட்டோட ஓடினான் பாரு, திடுதிடுதிடுன்னு! முதல்ல கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னாடி. ஊரே சிரிச்சுக்கிட்டு வருது, "மாடே! மாடே!"ன்னு. டமக்கு டமக்கு. காலு துடிக்குது. முட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். கூட்டம் தாண்டிப் போயிடுச்சு.

அப்போ ஆத்தங்கரைக்கு ஓடி, கவுத்துப் போட்ட படகுக்கடியில பூந்தான். அங்கயும் டமக்கு டமக்கு. காலை மணல்ல புதைச்சுக்கிட்டான். மூச்சே விடல. "இந்த வருஷம் மாடு கெட்டிக்கார மாடுடா"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. இவன் நிஜமா ஒளியறான்னு ஒருத்தருக்கும் தெரியல.

அப்புறம் தன் வீட்டுக்கே ஓடி, கதவைச் சாத்தி, டப்புனு தாழ்ப்பாள் போட்டுட்டான்.

கூட்டத்துக்கு முன்னாடி பாடிட்டு வர்றவரு பெனெதீத்து, வயசானவரு. கதவுகிட்ட வந்தாரு. உள்ள விசும்பல் சத்தம். டக்குனு கையத் தூக்கி மேளத்தை நிறுத்திட்டாரு.

"அன்செல்மோ, என்னப்பா?"

"கொல்ல விட மாட்டேன். அவ தைச்சது."

"சரிப்பா, திறக்க வேணாம்"னாரு பெனெதீத்து. "அவளுக்காகக் கொஞ்ச நேரம் தட்டிட்டுப் போறோம்."

சடக்... சடக்... சடக்... மெதுவா, மரக்கட்டை மட்டும். சிரிப்பே இல்ல. உள்ள இவன் முட்டியப் பிடிச்சுப் பாத்தான், சுவத்தோட சாஞ்சு பாத்தான். எங்க கேக்குது அந்தக் காலு? தட் தட்டுனு ஆட ஆரம்பிச்சுடுச்சு! மாடு குலுங்குது, மேல பாசிமணி அத்தனையும் சலசலங்குது. அதைக் கேட்டான் பாரு, அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "அடிப்பாவி ஜுல்மீரா, பூட்டி வைக்கவா இதைத் தைச்ச? ஆடத்தானே தைச்ச!"ன்னு கத்திக்கிட்டே தாழ்ப்பாளைத் தள்ளினான். ஊர் முழுக்க அழுதுக்கிட்டே ஆடினான்டா!

அப்புறம் அவனே மாட்டைக் கீழ படுக்க வெச்சான். திராட்சை ரசம் குபுகுபுன்னு ஓடுச்சு. பாசிமணிய அவன் கையாலயே வீடு வீடா அள்ளிக் கொடுத்தான்.

"அடுத்த மாட்டுக்கு யாரு தைக்கறது?"ன்னு பெனெதீத்து கேட்டாரு. அன்செல்மோ மூக்கை உறிஞ்சிட்டு, "ஊசி கொடுங்க"ன்னான். முதல் தையல்லயே விரல்ல குத்திக்கிட்டு "ஆ!"ன்னு கத்தினான். அழுதுக்கிட்டு நின்ன ஊரு கொல்லுனு சிரிச்சுடுச்சு. அவனும் சிரிச்சான்.

நல்லாவா தைச்சான்? கிழிஞ்சுது போ. ஒரு கண்ணு காதுகிட்ட, இன்னொரு கண்ணு மூக்குகிட்ட! ஆனா அடுத்த ஜூன்ல அதுதான் ஆடுச்சு. அந்த மாட்டுக்கு ஜுல்மீரான்னு பேரு வெச்சாங்க.

மேளமும் ஓஞ்சுது, கதையும் ஓஞ்சுது, நீயும் ஓய்டா தங்கம்.